மைதானத்தில் கேட்ட ஓம்

என் அப்பாவின் வாயில் ‘ஓம்’ வராது, ஆமாம் என்பதற்கு நாங்கள் சொல்லுகிற அந்த ஓம். யாழ்ப்பாணத்து மனிதர் ஒருவரைப் பற்றி இப்படிச் சொன்னால் ஆரும் நம்பமாட்டார்கள். பரிஸில் எங்கள் ஆட்களின் கடைகள் நிறைந்த லாச்சப்பல் தெருவில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்து பாருங்கள், காதில் விழுகிற சொல்லில் பாதி அதுதான். மீன் வெட்டுகிறவர் ஓம் என்பார், நகைக்கடைக்காரர் ஓமோம் என்பார், தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு போகிற அன்ரி ‘ஓமடி, ஓமடி’ என்று அடுத்த மெட்றோ நிலையம் வரைக்கும் சொல்லிக்கொண்டே போவா. அப்பா மட்டும் எதைக் கேட்டாலும் ‘பாப்பம்’ என்பார். சோறு போடட்டோ என்றாலும் பாப்பம், குளிருதோ என்றாலும் பாப்பம். “நல்ல காலம், கலியாணத்தை முதலே கட்டிப்போட்டன். இப்பக் கேட்டிருந்தால் பாப்பம் எண்டுதான் சொல்லியிருப்பார்” என்று அம்மா பகிடி விடுவா. அப்பா சிரிக்கமாட்டார். நான் சிரிப்பேன். அது பகிடிதானே என்று நினைத்தேன்.

எனக்கு அப்போது பதினொரு வயது. மார்க்ஸ் டோர்மோயில் நாலாம் மாடியில் எங்கள் வீடு. அப்பா லாச்சப்பலில் ஒரு மரக்கறிக் கடையில் வேலை செய்தார். நான் ரயில் தண்டவாளங்களுக்குப் பக்கத்து மைதானத்தில் பெண்பிள்ளைகள் அணியில் உதைபந்து விளையாடினேன். அந்த மைதானத்தில் புல் கிடையாது. பச்சைப் பிளாஸ்டிக் விரிப்பும் அதற்குள் கறுப்பு ரப்பர் குறுணியும்தான். அந்தக் குறுணி என் சப்பாத்திலும் காலுறையிலும் ஏறி வீட்டுக்கு வந்துவிடும். ஒருநாள் சாம்பாருக்குள்ளேயே கிடந்தது. “கடுகெண்டு நினைச்சுக் கடிச்சுப்போட்டன்” என்று அம்மா திட்டினாவே தவிர, விளையாடப் போகாதே என்று ஒருநாளும் சொன்னதில்லை.

எங்களுக்குப் பந்து பழக்கியவர் ஒரு பின்லாந்துக்காரர். அம்மா அவரைப் ‘பின்லாந்து மாஸ்டர்’ என்பா. ஆள் கதவு நிலையில் தலை இடிக்கிற உயரம். சிரிக்காத முகம், எவ்வளவு சந்தோசமாக இருந்தாலும் அந்த முகம் மாறாது. பள்ளிக்கூடத்துக் கணினியில் அவருடைய பெயரைத் தட்டிப் பார்த்தேன். முன்னணியில் விளையாடிய ஆட்டக்காரராம். மூன்று நாடுகளில் விளையாடியிருக்கிறார். ஒவ்வொரு வருசத்துக்கும் நேரே அடித்த கோல்கள் எழுதியிருந்தன, சொந்த ஊரில் நிறைய, பிறகு கொஞ்சம் குறைவாக. கடைசி வரியில் பிரான்ஸ், ஒரேயொரு கோல். அதற்குக் கீழே ‘பயிற்சியாளர்’ என்று தொடங்கியது. கோல் அடித்துக்கொண்டிருந்த மனிதர் ஏன் திடீரென்று நிறுத்தினார் என்று அதில் எழுதியிருக்கவில்லை. வீட்டில் நான் இதைச் சொன்னபோது அப்பாவும் கேட்டுக்கொண்டிருந்தார்.

முதல் நாள் பயிற்சியிலேயே எனக்கும் அவருக்கும் ஒரு விபத்து நடந்தது. பந்து என் காலில் இருந்தது. மாஸ்டர் ஓரத்தில் நின்று “ஓம்!” என்று கத்தினார். அடடா, வெள்ளைக்காரருக்கும் தமிழ் தெரிந்திருக்கிறதே என்று எனக்குச் சந்தோசப் புளுகம் தாங்கவில்லை. ஓம் என்று சொல்லிவிட்டாரே, இனி என்ன, பந்தை நானே வைத்துக்கொண்டு வடிவாக நின்றேன். அடுத்த கணம் பின்னாலிருந்து ஒரு பெரிய பிள்ளை வந்து என்னை மோதி விழுத்திவிட்டுப் பந்தைக் கொண்டு போனாள்.

பிறகுதான் விளங்கியது. பிரெஞ்சில் மனிதனுக்கு ‘ஒம்’ என்று சொல்லுவார்கள். மாஸ்டரின் நாக்கில் அது நீண்டு ஓம் என்றே வரும். உன் முதுகுக்குப் பின்னால் ஆள் வருகிறது, பந்தை உடனே தள்ளிவிடு என்பதற்கு அவர் அந்த ஒற்றைச் சொல்லை வைத்திருந்தார். பிரெஞ்சுக்காரர் ஆரும் அப்படிக் கத்துவதில்லையாம். தான் விளையாடிய மற்ற நாடுகளில் ‘மனிதன்’ என்று கத்துவதைக் கேட்டு, அதை அப்படியே பிரெஞ்சாக்கிவிட்டார். மற்றப் பிள்ளைகளின் தகப்பன்மார் சிரித்தார்கள். அவர் கவனிக்கவில்லை. நாங்களும் அவரைப் போலவே நீட்டி ‘ஓஓம்’ என்று கத்தப் பழகினோம். சில மாதங்களில் அந்தச் சத்தம் கேட்டால் என் மூளை யோசிக்காது. கால்தான் யோசிக்கும், பந்து பறந்துவிடும். ஆக எனக்கு இரண்டு ஓம் இருந்தன. வீட்டில் கேட்டால் சம்மதம், மைதானத்தில் கேட்டால் ஆபத்து. அவை இரண்டும் ஒருநாள் சந்திக்கும் என்று நான் நினைக்கவேயில்லை.

அந்த வருசம் மாசி மாதம் மாஸ்டர் என்னிடம் ஒரு படிவம் தந்தார். பரிஸுக்கு வெளியே ஒரு கொலேஜ், என் வயதுப் பிள்ளைகள் அடுத்துப் போகிற பள்ளிக்கூடம், இருக்கிறதாம். அங்கே தங்கிப் படிக்கலாம், தினமும் உதைபந்துப் பயிற்சி. அந்தப் பருவத்தில் எங்கள் கடைசி ஆட்டத்தைப் பார்க்க அந்தக் கொலேஜிலிருந்து ஒரு பெண் வருவா. விருப்பமுள்ள பிள்ளைகள் பெற்றார் கையெழுத்து வைத்த படிவத்தை ஆட்டம் முடிந்து அவ புறப்படுவதற்குள் அவவிடம் கொடுக்கவேண்டும். கையெழுத்து இல்லையென்றால் எவ்வளவு வடிவாக விளையாடினாலும் பெயர் எழுதமாட்டா. நான் படிவத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நாலு மாடியும் ஓடி ஏறினேன். வேறெதையும் நான் அவ்வளவு விரும்பியதில்லை.

அப்பா படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“கையெழுத்து வைப்பீங்களோ, அப்பா?”

“பாப்பம்.”

அடுத்த நாளும் பாப்பம். அடுத்த கிழமையும் பாப்பம். எங்கள் வீட்டில் பிரெஞ்சுக் கடுதாசி எது வந்தாலும் அப்பா உடனே கையெழுத்து வைக்கமாட்டார் என்பது எனக்குத் தெரியும். பள்ளிக்கூடச் சுற்றுலாக் கடுதாசிக்கே மூன்று பேரிடம் வாசித்துக் காட்டச் சொல்லுவார். ஆனால் இது சுற்றுலா இல்லையே. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. சாப்பிடாமல் படுத்துப் பார்த்தேன். அதுவும் சரிவரவில்லை, நடு இரவில் பசித்தது.

கடைசியில் பின்லாந்து மாஸ்டரே கடைக்கு வந்துவிட்டார். வாசலில் தொங்கிய வாழைக்குலை தலையில் இடிக்காமல் குனிந்துகொண்டு உள்ளே வந்தார். அப்பா அவருக்குப் பால் விடாத பிளேன்ரீயும் ஒரு வடையும் கொடுத்தார். நான் வெங்காய மூட்டையில் ஏறி நின்று மொழிபெயர்த்தேன். மாஸ்டர் என்னைப் பற்றி நல்லது எதையோ சொன்னார், வெட்கத்தில் பாதியைத்தான் தமிழில் சொன்னேன். அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அவரிட்டைக் கேள், நல்லாய் கோல் அடிச்சுக்கொண்டிருந்த மனிசன் ஏன் விட்டவர் எண்டு” என்றார். எனக்கு மானம் போய்விட்டது. ஆனாலும் கேட்டேன்.

மாஸ்டர் கடை நடுவிலேயே காற்சட்டைக் காலைச் சுருட்டி முழங்காலைக் காட்டினார். நீளமாக ஒரு தையல் அடையாளம். பிரான்சுக்கு வந்து மூன்றாவது கிழமையாம். பந்தோடு கோலை நோக்கி ஓடுகிறார், பின்னாலிருந்து ஒருவன் வருகிறான். கூட விளையாடிய எல்லாரும் பிரெஞ்சில் கத்துகிறார்கள். இவருக்கு அந்தச் சொல் தெரியாது. தன்னை உற்சாகப்படுத்துகிறார்கள், அடி அடி என்கிறார்கள் என்று நினைத்தாராம். இன்னும் வேகமாக ஓடினார். பின்னால் வந்தவன் இவருடைய முழங்காலின் மேல் விழுந்தான், அதோடு ஆட்டக்காலம் முடிந்தது.

நான் மொழிபெயர்த்து முடித்தேன். ஒரு மனிசி கத்தரிக்காய்க்கு விலை கேட்டதும் அப்பாவின் காதில் விழவில்லை.

“ஒரு சொல் விளங்காமலோ?” என்றார்.

“அப்பிடித்தான் சொல்லுறார்.”

“அந்தச் சொல்லை அவருக்கு ஒருத்தரும் முதலே சொல்லிக் குடுக்கேல்லையோ?” என்று மறுபடியும் கேட்டார். அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. பந்து விளையாட்டுக் கதைக்கு இவர் ஏன் இப்படி முகம் வாடுகிறார் என்று நினைத்தேன். மாஸ்டர் எழும்பிப் படிவத்தைச் சுட்டிக்காட்டினார். “பாப்பம்” என்றார் அப்பா. மாஸ்டர் அதுதான் அவருடைய பெயர் என்றோ நல்ல சொல் என்றோ நினைத்திருக்க வேண்டும். “பாப்பம்” என்று திருப்பிச் சொல்லிக் கைகொடுத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து என்னைக் காணும்போதெல்லாம் “பாப்பம் சுகமோ?” என்று கேட்பார்.

கடைசி ஆட்டம் சனிக்கிழமை பின்னேரம். வெள்ளி இரவு அப்பா படிவத்தைக் கேட்டு வாங்கித் தன் பைக்குள் வைத்தார். “வைச்சிட்டாரோ?” என்று காலமை அம்மாவிடம் கேட்டேன். “எனக்குத் தெரியாது, பிள்ளை. வெள்ளன எழும்பி அதையும் கொண்டு கடைக்குப் போயிட்டார்” என்றா. சனிக்கிழமைதான் கடையில் சனம் நெருக்கியடிக்கிற நாள். கார்ஜிலிருந்தும் வில்லியே லே பெல்லிலிருந்தும் குடும்பம் குடும்பமாக ரயிலேறி வந்து கிழமைக்கான சாமான் வாங்கும் நாள். அப்பா ஒரு சனிக்கிழமையும் மைதானத்துக்கு வந்தது கிடையாது. போச்சு, கடுதாசி அவருடைய பைக்குள், அவர் கடைக்குள், நான் மைதானத்துக்குள் என்று நினைத்துக்கொண்டே சப்பாத்தைக் கட்டினேன். முடிச்சு இரண்டு தரம் அவிழ்ந்தது.

நீலக் குளிர்ச்சட்டை போட்ட அந்தப் பெண் குறிப்பெழுதுகிற கொப்பியோடு கோட்டருகே நின்றா. மற்றப் பிள்ளைகளின் தாய்மார் ஒவ்வொருவராகப் போய்ப் படிவத்தைக் கொடுத்தார்கள். நான் பந்தைப் பார்த்த நேரத்தைவிட வாசல் கம்பிக் கதவைப் பார்த்த நேரம்தான் அதிகம். முதல் பாதியில் நான் விளையாடினது விளையாட்டே இல்லை. எங்களுக்கு ஒன்று, அவர்களுக்கு ஒன்று. இடைவேளையில் மாஸ்டர் என் தலையில் கையை வைத்து, “பந்தைப் பார், கதவைப் பாராதே” என்றார்.

இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. அப்பா! கடையில் கட்டுகிற பச்சை ஏப்ரனோடேயே ஓடி வந்திருந்தார். மூச்சு வாங்கியது. கையில் பிளாஸ்டிக் உறைக்குள் ஏதோ ஒரு கடுதாசி. அது என் படிவம்தான், தூரத்திலிருந்தே தெரிந்தது. ஆனால் கையெழுத்து வைத்துக் கொண்டு வந்தாரா, அல்லது முடியாது என்று சொல்லக் கொண்டு வந்தாரா? அவருடைய முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. கையெழுத்து வைத்தாச்சோ என்று கையால் சைகை காட்டிக் கேட்டேன், அப்போது பந்து இந்தப் பக்கம் வந்துவிட்டது, திரும்பி ஓடினேன். அதன்பிறகு என்ன வந்ததோ தெரியவில்லை. அப்பா பார்க்கிறார் என்ற ஒன்றே காலுக்குள் இறங்கியது. இரண்டு பேரை வெட்டிக்கொண்டு போனேன். ஒருமுறை பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. நீலக் குளிர்ச்சட்டைக்காரி கொப்பியில் எழுதுவதைக் கண்டேன்.

ஆட்டம் முடியப் போகிறது. நடுவிலிருந்து நீளமாக ஒரு பந்து வந்தது. காலில் ஒட்டினதுபோல நின்றது. எனக்கு முன்னால் கோல்காரப் பிள்ளை மட்டும்தான். பின்னால் ஒரு குருவிகூட இல்லை, அது எனக்குத் தெரியாது. காலைத் தூக்கினேன்.

“ஓம்!”

என் கால் யோசித்துவிட்டது. பந்தைப் பக்கவாட்டில் தள்ளியது. அங்கே எங்கள் பிள்ளைகள் ஆரும் இல்லை. பந்து மெல்ல உருண்டு கோட்டுக்கு வெளியே போனது.

“ஓம், பிள்ளை! ஓம்! ஓம்!”

திரும்பிப் பார்த்தேன். அப்பா இரண்டு கையாலும் படிவத்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, வாழ்க்கையில் ஒருநாளும் கத்தாத மனிதர், தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். மற்றத் தகப்பன்மார் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். பந்து வெளியே போனது நல்லதோ கெட்டதோ என்று அவருக்குத் தெரிந்திருக்காது. சிரித்துக்கொண்டு நின்றார். விசில் அடித்துவிட்டது. நீலக் குளிர்ச்சட்டைக்காரி கொப்பியை மூடினா.

எனக்கு வந்த ஆத்திரத்தை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது. நேரே அப்பாவிடம் போனேன். “ஏன் கத்தினனீங்கள்? ஆர் உங்களைக் கத்தச் சொன்னது?” அப்பாவின் கை மெல்ல இறங்கியது. “நான் ஓம் எண்டுதானே, பிள்ளை, சொன்னனான். நீ கேட்டனியெல்லோ” என்றார். இனி இங்கே வராதே என்று நான் பிரெஞ்சில் சொன்னேன். தமிழில் சொல்லியிருந்தால் ‘வராதேங்கோ’ என்று மரியாதைக்கு ஒரு ‘ங்கோ’வாவது ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். பிரெஞ்சில் அதுவும் இல்லை. அந்த அளவு பிரெஞ்சு அப்பாவுக்கு விளங்கும்.

பின்லாந்து மாஸ்டர் மைதானத்தின் நடுவிலிருந்து “பாப்பம்! பாப்பம்!” என்று கூப்பிட்டபடி கையை உயர்த்திக்கொண்டு, அந்தச் சிரிக்காத முகத்தோடு, பெரிய பெரிய அடி வைத்து எங்களை நோக்கி வந்தார். அப்பா அவரைப் பார்த்தார். படிவத்தை என் கையில் திணித்துவிட்டு, கடை தனிய நிற்கிறது என்று முணுமுணுத்தபடி கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டார். படிவத்தில் கையெழுத்து இருந்தது. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, அழுத்தி எழுதப்பட்டிருந்தது. நான் அதைக் கொண்டுபோய் நீலக் குளிர்ச்சட்டைக்காரியிடம் கொடுத்தேன். மாஸ்டர் கேட்டதால், தமிழில் ஓம் என்றால் சம்மதம் என்று அர்த்தம் என்று எரிச்சலோடு சொன்னேன். மூன்று கிழமைக்குப் பிறகு இந்த வருசம் இடமில்லை என்று கடிதம் வந்தது.

ஆட்டத்துக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை மாஸ்டர் எங்களை வட்டமாக இருத்தி, இன்றிலிருந்து ‘ஒம்’ என்று ஆரும் கத்தக்கூடாது என்றார். இனிமேல் ‘செல்கா’ என்று கத்தவேண்டும். பின்லாந்து மொழியில் முதுகு என்று அர்த்தமாம். பிள்ளைகள் சிரித்தார்கள், ஏன் என்று கேட்டார்கள். அவர் காரணம் சொல்லவில்லை. பயிற்சி முடிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “உன் அப்பாவிடம் சொல். அந்தச் சொல்லை இப்போது மைதானத்தில் ஆரும் பாவிப்பதில்லை. அவர் வந்து எவ்வளவு வேண்டுமானாலும் கத்தலாம்” என்றார். நான் தலையாட்டினேன். வீட்டுக்குப் போய் அப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. என் இடம் எப்படியும் போகத்தான் போகிறது, இதில் இவருக்கு அழைப்பு ஒரு கேடா என்று இருந்தது.

அதன்பிறகு மாஸ்டர் சிலவேளை கடைப்பக்கம் வருவார். அவருடைய தலை வாழைக்குலைக்கு மேலே தெரிந்ததும் அப்பா உள்ளறைக்குள் மூட்டை அடுக்கப் போய்விடுவார். அப்பாவுக்கு அவரைப் பிடிக்கவில்லை என்று நான் முடிவு கட்டினேன். இரண்டு வருசத்தில் மாஸ்டர் தன் நாட்டுக்கே பயிற்சியாளராகத் திரும்பிப் போனார். போவதற்கு முதல்நாள் கடைக்கு வந்தார். நான் வாசலில் நின்றேன். “பாப்பம்?” என்றார். அப்பா உள்ளே இருந்தார், வெளியே வரவில்லை. மாஸ்டர் கொஞ்ச நேரம் நின்றார், ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு போனார்.

போன வருசம் அம்மாவும் நானும் கார்ஜுக்கு ஒரு பிறந்தநாள் வீட்டுக்கு ரயிலில் போனோம். அப்பா வரவில்லை. கேட்டதற்குப் பாப்பம் என்றிருந்தார். “ஓம் எண்டு சொன்னால் வாய் நொந்துபோமோ அவருக்கு?” என்றேன். பகிடியாகத்தான் சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை.

“அவர் இஞ்சை வந்து முதல் அகதி விசாரணைக்குப் போன நேரம், கேள்வி கேக்கிறதை ஒரு ஆள் ரெலிபோனிலை தமிழிலை சொன்னவராம். இவர் நாங்கள் கதைக்கிற மாதிரி ஒவ்வொண்டுக்கும் ஓம், ஓம் எண்டு கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். கேக்கிறன், சொல்லுங்கோ எண்ட மாதிரி. இலங்கையிலையே வேறை ஊரிலை போய்ப் பயமில்லாமல் இருந்திருக்கலாமோ எண்டு கேட்டதுக்கும் ஓம் எண்டிட்டார். அவை ஓம் எண்டே எழுதிப் போட்டினம். கேஸ் நிராகரிச்சாச்சு. அதிலை அவரே கையெழுத்தும் வைச்சவர். அந்த ஒரு ஓமுக்கு நான் ஆறு வருசம் வவுனியாவிலை தனிய இருந்தனான்.” அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னா. “அதுக்குப் பேந்து அவர் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. உன்ரை பந்துக் கடுதாசிக்குத்தான் ஒருக்கா சொன்னவராம். ஒவ்வொரு வரியையும் ரெண்டு பேரிட்டை வாசிச்சுக் கேட்டுப்போட்டு, கடையை விட்டிட்டு ஓடினவர்.”

பிறந்தநாள் வீட்டில் நான் என்ன சாப்பிட்டேன் என்று நினைவில்லை. அடுத்த நாள் கடைக்குப் போனேன். அப்பா முருங்கைக்காய் நிறுத்துக்கொண்டிருந்தார். பின்லாந்து மாஸ்டர் அப்போதே சொல்லிவிட்ட செய்தியை, அந்தச் சொல்லை அவர் மைதானத்திலிருந்து எடுத்துவிட்டதையும், நீங்கள் வந்து எவ்வளவும் கத்தலாம் என்றதையும், ஒரு மூச்சில் சொல்லி முடித்தேன்.

“எப்ப சொன்னவர்?”

“அந்தச் செவ்வாய்க்கிழமை.”

அப்பா தராசிலிருந்த முருங்கைக்காயை எடுத்தார், பிறகு திரும்ப வைத்தார். “அவர் என்னோடை கோவமெண்டெல்லோ நான் இவ்வளவு காலமும் நினைச்சனான்” என்றார். “அந்த வாழைப்பழம் வாங்க வந்த நேரமும் நான் உள்ளுக்கைதான் நிண்டனான், பிள்ளை. அவரின்ரை குரல் கேட்டது.”

நீ ஏன் அப்போதே சொல்லவில்லை என்று அவர் கேட்கவில்லை. ஒருநாள் கேட்பார் என்று நான் இன்னமும் பயந்துகொண்டுதான் இருக்கிறேன்.